கடைசிப் பாலத்திலிருந்து தொடங்கும் கணக்கு

வெள்ளமோ புயலோ நிலநடுக்கமோ ஓய்ந்த மறுநாளே பொருள் குவியத் தொடங்கிவிடும். பெரும்பாலான பேரிடர்களில் மொத்தப் பொருளுக்குப் பஞ்சம் வருவதில்லை. அது கைக்குப் போய்ச் சேரும் வேகத்துக்குத்தான் பஞ்சம். அந்த வேகத்தை முடிவு செய்வது வழியில் எந்த இடம் மிகக் குறுகலோ அந்த இடம். சில நேரம் அது ஒரு பாலம். சில நேரம் மூட்டை இறக்க ஆள் இல்லாத ஒரு முற்றம்.

2017இல் மரியா சூறாவளிக்குப் பிறகு புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான கொள்கலன்கள் நிறைந்து நின்றன. தண்ணீரும் உணவும் மருந்தும் தீவுக்கு வந்துவிட்டன. துறைமுகத்திலிருந்து ஊருக்குள் கொண்டுபோக ஓட்டுநர்கள் இல்லை, டீசல் இல்லை, சாலைகள் அடைபட்டிருந்தன, ஓட்டுநரைக் கூப்பிடத் தொலைபேசி வேலை செய்யவில்லை. 2010 ஜனவரியில் ஹைட்டியில் துறைமுகம் உடைந்துபோக, தலைநகர் விமான நிலையத்தின் ஒரே ஓடுபாதையில் உலகமே வந்து இறங்கப் பார்த்தது. இரண்டு இடத்திலும் குறுகலான கழுத்து வேறு வேறு. பின்னால் பொருள் குவிந்து நின்ற விதம் ஒன்று.

அதனால் திட்டத்தைக் கிடங்கிலிருந்து முன்னோக்கி எழுதக் கூடாது. பெறுகிறவரின் கையிலிருந்து பின்னோக்கி எழுத வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் முதல் நாள் பதற்றத்தில் எல்லோரும் முதலில் செய்வது லாரி தேடுவதுதான்.

முதலில் வழி

பொருள் பட்டியலுக்கு முன்னால் வழிப் பட்டியல் வேண்டும். உள்ளூர் ஓட்டுநர் ஒருவரும் அளவெடுக்கத் தெரிந்த ஒருவரும் மோட்டார் சைக்கிளில் போய் வந்தால் அரை நாளில் கிடைத்துவிடும். "சாலை திறந்திருக்கிறது" என்ற ஒற்றை வரிச் செய்தியால் பயன் இல்லை. எந்த வண்டிக்குத் திறந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. பத்து டன் சரக்கு ஏற்றிய இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை ஏறத்தாழ 16 டன். பாலத்தில் எழுதியிருக்கும் அளவு 12 டன் என்றால், "பத்து டன் லாரிதானே" என்று விட்டுவிடக் கூடாது.

வெள்ளத்துக்குப் பிறகு பாலம் நிமிர்ந்து நிற்கும். அதன் இரு முனையிலும் சாலையைத் தாங்கும் மண் அரித்துப் போயிருக்கும். மேலே தார் பூச்சு மட்டும் பலகை போல் நீட்டிக்கொண்டிருப்பது வண்டிக்குள் இருந்து தெரியாது. இறங்கிப் பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும். நிலநடுக்கம் என்றால் மலைச்சாலையில் இன்றைக்கு அகற்றிய மண் நாளைய பின்னதிர்வில் திரும்பச் சரியும். காலையில் போன வண்டி மாலையில் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. புயல் என்றால் மரமும் மின்கம்பியும்: கம்பியில் மின்சாரம் இல்லை என்று மின்துறை உறுதி செய்யும்வரை யாரும் தொடக் கூடாது.

பலரும் மறந்துபோகும் அளவு ஒன்று உண்டு. கடைசி ஊரில் லாரி திரும்ப இடம் இருக்கிறதா? இல்லை என்றால் காலியான வண்டி பின்னோக்கியே வர வேண்டும். எதிரே அடுத்த வண்டி வந்துவிட்டால் இரண்டும் நிற்கும். ஒற்றை வழிச் சாலையில் போவதற்கு ஒரு நேரம், வருவதற்கு ஒரு நேரம் என்று பிரித்துவிடுவதுதான் இதற்கு மருந்து. இரு முனையிலும் வாக்கிடாக்கியோடு ஒருவர் இருந்தால் போதும்.

எவ்வளவு வேண்டும்

துண்டிக்கப்பட்ட பகுதியில் 10,000 பேர், குடும்பத்துக்கு ஐவர் வீதம் 2,000 குடும்பங்கள் என்று வைத்துக்கொள்வோம். நிவாரண உதவிக்கு உலக அளவில் பின்பற்றப்படும் ஸ்ஃபியர் தரநிலைகள் நாளொன்றுக்கு ஒருவருக்கு 2,100 கிலோகலோரி என்கின்றன. தானியம் 400 கிராம், பருப்பு 60, எண்ணெய் 25, சத்துமாவு 50, சர்க்கரை 15, அயோடின் உப்பு 5 என்று கூட்டினால் ஏறத்தாழ அந்தக் கணக்கு வரும். மொத்தம் 555 கிராம். 10,000 பேருக்கு நாளொன்றுக்கு ஐந்தரை டன்; சாக்கு எடை, சிந்தல், நனைந்துபோவது எல்லாம் சேர்த்து ஆறு டன் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இது அடுப்பும் பாத்திரமும் விறகும் இருப்பவர்களுக்கான உணவு. முதல் மூன்று நான்கு நாளைக்குச் சமைக்காமல் தின்னக்கூடியதுதான் போக வேண்டும். 100 கிராமுக்கு 450 கிலோகலோரி அளவில் கிடைக்கும் ஆற்றல் பிஸ்கட்டு அதற்கென்றே செய்யப்படுவது. தானியத்தை முன்னால் அனுப்பிவிட்டுப் பாத்திரத்தைப் பின்னால் அனுப்பும் தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. சமையல் பாத்திரமும் அடுப்பும் முதல் தானிய லாரியோடு ஒரே நாளில் போக வேண்டும்.

இப்போது தண்ணீர். குடிக்க, சமைக்க, கழுவ என ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர். 10,000 பேருக்கு 1,50,000 லிட்டர், அதாவது 150 டன். உணவு ஆறு டன், தண்ணீர் நூற்றைம்பது டன்! இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தவர் யாரும் தண்ணீர்ப் பாட்டில் லாரியை இரண்டாவது வாரத்திலும் அனுப்பிக்கொண்டிருக்க மாட்டார். குடிக்க மட்டும் மூன்று லிட்டர் வீதம் பாட்டிலில் அனுப்பினாலும் நாளொன்றுக்கு 30 டன். முதல் இரண்டு மூன்று நாள் அது தவிர்க்க முடியாதது. அதற்குள் தண்ணீரை அந்த இடத்திலேயே சுத்தமாக்கும் ஏற்பாடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

67 மில்லிகிராம் குளோரின் மாத்திரை ஒன்று 20 லிட்டர் தெளிந்த நீருக்கு. 1,50,000 லிட்டருக்கு 7,500 மாத்திரை. ஒரு ஆள் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம். 150 டன்னுக்கும் ஒரு பெட்டிக்கும் உள்ள இந்த வித்தியாசம்தான் நிவாரணப் போக்குவரத்தில் கிடைக்கும் மிகப் பெரிய லாபம். ஆனால் மாத்திரை மட்டும் போய்ப் பயனில்லை. கலங்கல் நீரில் குளோரின் வேலை செய்யாது. மண்ணும் அழுக்குமே அதைத் தின்றுவிடும். முதலில் தெளிய வைத்து, துணியில் வடிகட்டி, பிறகு மாத்திரை போட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். குடிக்கும்போது எஞ்சியிருக்கும் குளோரின் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் இருக்க வேண்டும். சோதித்துப் பார்க்கும் சிறு பெட்டியும் கூடவே போகட்டும். குடும்பத்துக்கு இரண்டு பாத்திரம் வேண்டும்: 10 முதல் 20 லிட்டர் அளவில் ஒன்று எடுத்து வர, ஒன்று மூடியோடு சேமித்து வைக்க. ஒன்றே ஒன்று கொடுத்தால் அதிலேயே முகர்ந்து, அதிலேயே கைவிட்டு, நாம் சுத்தமாக்கிய நீர் வீட்டுக்குள் கெட்டுப்போகும். பெரிய தொட்டி வைத்துக் குழாய் போடுவதாக இருந்தால் 250 பேருக்கு ஒரு குழாய், ஆக 40 குழாய். நிமிடத்துக்கு ஏழரை லிட்டர் கொட்டும் குழாயில் 250 பேருக்கான தண்ணீர் பிடிக்க எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். குழாயைக் குறைத்தால் வரிசை இரவுவரை நீளும்.

தங்குமிடத்துக்கு ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர், ஐவருக்கு 17.5. நான்குக்கு ஆறு மீட்டர் தார்ப்பாய் ஒன்று 24 சதுர மீட்டர் என்றாலும், கூரையாகச் சாய்த்துக் கட்டும்போது தரையில் கிடைக்கும் இடம் குறையும். சுவருக்கும் வேண்டும். எனவே குடும்பத்துக்கு இரண்டு, கட்டுவதற்குக் கயிறும் சேர்த்து. கயிறு இல்லாத தார்ப்பாய் வெறும் போர்வை. 4,000 தார்ப்பாய், ஒன்று ஏறத்தாழ ஐந்து கிலோ, 20 டன். போர்வை ஆளுக்கு ஒன்று என்றால் ஒன்றரைக் கிலோ வீதம் 15 டன். குளிர்ப் பகுதி என்றால் இரண்டு மூன்று மடங்கு. சோப்பு, குளிக்க 250 கிராமும் துவைக்க 200 கிராமும் மாதத்துக்கு ஒருவருக்கு, நாலரை டன். ஆக உணவு தவிர்த்து முதல் சுற்றில் 40 டன்.

போர்வை, வாளி போன்றவற்றை எடையை வைத்துக் கணக்கிட்டால் ஏமாந்துபோவோம். லாரி இடத்தால் நிறையும், எடையால் நிறையாது. ஒரு டன் மூட்டைத் தானியம் ஏறத்தாழ இரண்டு கன மீட்டர். ஒரு டன் போர்வை அழுத்திக் கட்டியிருந்தாலும் அதைப்போல் இரு மடங்குக்கு மேல் பிடிக்கும். வாளிகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்காமல் மூடி போட்டு அனுப்பினால் காற்றைத்தான் சுமந்துபோகிறோம்.

வண்டிக் கணக்கு

அதே 10,000 பேருக்கான வழி இப்படி என்று வைத்துக்கொள்வோம்: மையக் கிடங்கிலிருந்து 120 கிலோமீட்டர் நல்ல சாலை. அதன் முடிவில் ஒரு இடைக்கிடங்கு. அங்கிருந்து ஊருக்கு 18 கிலோமீட்டர் உடைந்த சாலை, நடுவில் பலவீனமான பாலம். ஒன்றரை டன் ஏற்றும் சிறு வண்டிகள் மட்டுமே போகும். இதுதான் கழுத்து. கணக்கு இங்கே தொடங்குகிறது.

பாரத்தோடு மணிக்கு பத்து கிலோமீட்டர் வேகத்தில் போக ஒரு மணி 48 நிமிடம். காலியாகத் திரும்ப ஒன்றரை மணி. கையால் ஏற்ற 45 நிமிடம், இறக்க 45 நிமிடம். ஒரு நடைக்கு 4 மணி 48 நிமிடம். இரவில் ஓட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டால் பகலுக்கு இரண்டு நடை, வண்டிக்கு மூன்று டன்.

தேவை எவ்வளவு? உணவு நாளுக்கு ஆறு டன். மற்ற 40 டன்னை ஐந்து நாளில் சேர்க்க வேண்டும் என்றால் நாளுக்கு எட்டு. மொத்தம் 14 டன். ஐந்து வண்டி. இப்படிப்பட்ட சாலையில் நான்கில் ஒரு வண்டி எப்போதும் டயர் வெடித்தோ ஸ்பிரிங் உடைந்தோ கிடக்கும் என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. எனவே ஏழு வண்டி.

இனி மேலே பாருங்கள். நாளுக்கு 14 டன்தான் கழுத்தைத் தாண்டும் என்றால் மையக் கிடங்கிலிருந்து நாளுக்கு இரண்டு பெரிய லாரிக்கு மேல் கிளம்ப வேண்டிய வேலையே இல்லை. கொடியசைத்து முதல் நாளே இருபது லாரி அனுப்பினால் 200 டன், இரண்டு வாரச் சரக்கு, சாலையோரம் நிற்கும். ஓட்டுநர்கள் காத்திருப்பார்கள், வாடகை ஓடும், மழை பெய்யும். அதைவிட மோசம், அந்த வரிசை ஆம்புலன்சையும் மண் அள்ளும் இயந்திரத்தையும் மறிக்கும். இருபது லாரி கிளம்பும் காட்சி மனசுக்கு ஆறுதல் தரும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பதினெட்டு கிலோமீட்டரைத் தாண்டும் சரக்கு அதனால் ஒரு கிலோகூட அதிகமாகாது.

கூட்ட வேண்டும் என்றால் என்ன செய்யலாம்? ஏற்றி இறக்கும் 45 நிமிடத்தை 20 நிமிடமாகக் குறையுங்கள். ஒன்றரை டன் என்பது 50 கிலோ மூட்டையில் முப்பது. அடுத்த வண்டிக்கான முப்பது மூட்டை முன்கூட்டியே எண்ணி, வாசலில் அடுக்கி, சீட்டு எழுதி வைத்திருந்தால் எட்டு பேர் இருபது நிமிடத்தில் ஏற்றிவிடுவார்கள். ஒரு நடை நான்கு மணி நேரத்துக்குள் வந்துவிடும். 12 மணி நேர வெளிச்சத்தில் மூன்று நடை. ஐந்து வண்டி 15 டன் கொண்டுபோன இடத்தில் 22.5 டன் போகும். புதிதாக ஒரு வண்டிகூட வாங்காமல்! என்னைக் கேட்டால், நிவாரணப் பணத்தில் சுமை தூக்குவோர் கூலிக்குச் செலவழிக்கும் பணம்போல் பலன் தருவது வேறு ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று நடைக்கு வண்டிக்கு இரண்டு ஓட்டுநர் வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் உடைந்த சாலையில் ஒரே ஆளை ஓட்டச் சொல்வது அவர் உயிரோடு விளையாடுவது.

டீசலும் ஒரு சரக்குதான். மின்சாரம் போனால் எரிபொருள் நிலையத்தின் பம்பும் நின்றுபோகும். தரைக்கடியில் டீசல் இருந்தும் எடுக்க முடியாது. 2011இல் ஜப்பானின் தொஹோக்கு நிலநடுக்கத்துக்குப் பிறகு பொருளும் வண்டியும் இருந்தும் எரிபொருள் இல்லாமல் விநியோகம் தடுமாறியது. ஐந்து வண்டி மூன்று நடை என்றால் நாளுக்கு 540 கிலோமீட்டர். இந்தச் சாலையில் லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் கிடைத்தாலே அதிகம், ஆக 90 லிட்டர். ஜெனரேட்டர், தண்ணீர்ப் பம்பு, படகு தனி. இடைக்கிடங்கில் ஐந்து நாள் டீசல் பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும். உணவு ஏற்றும் வண்டியில் டீசல் கேனை ஏற்றவே கூடாது. ஒரு கேன் கசிந்தால் ஒரு லோடு தானியம் போச்சு.

ஹெலிகாப்டரைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். மி-8 போன்ற ஒன்று உள்ளே நான்கு டன்வரை ஏற்றும். உயரமும் வெப்பமும் தூரமும் கூடக் கூட அது பாதியாகக்கூடக் குறையும். சாலையே இல்லாத ஊருக்கு மருந்து, மருத்துவர், குளோரின் மாத்திரை, ஆற்றல் பிஸ்கட்டு, திரும்பும்போது காயம்பட்டவர். அதற்கு அது ஈடு இணையற்றது. தண்ணீர்ப் பாட்டிலையும் தானிய மூட்டையையும் அதில் ஏற்றுவது வேறு வழியே இல்லாதபோது மட்டும். இறங்குமிடத்தில் கட்டாத தார்ப்பாய், தகரம் எதுவும் இருக்கக் கூடாது. விசிறிக் காற்றில் அது பறந்து ஆளையும் அடிக்கும், இயந்திரத்தையும் அடிக்கும். தாழப் பறந்தபடி மூட்டையைத் தள்ளிவிடுவது கூட்டத்தின் தலையில் கல் எறிவதற்குச் சமம். அப்படி விழுவதை வலுவுள்ளவர் மட்டுமே எடுத்துப்போவார்.

இடைக்கிடங்கு

உயரமான இடம், காய்ந்த தரை, லாரி உள்ளே வந்து வெளியே போகத் தனித்தனி வாசல். இந்த மூன்றும் கிடைத்தால் கூரையைப் பிறகு கட்டிக்கொள்ளலாம். மூட்டை தரையைத் தொடக் கூடாது. மரப்பலகை மேல் அடுக்கி, சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். சுவரோடு ஒட்டினால் ஈரம் ஏறும், எலி குடியேறும், எண்ணவும் முடியாது. ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு அட்டை: என்ன பொருள், எந்தத் தொகுப்பு, காலாவதித் தேதி, வந்தது, போனது, இருப்பு. எது முதலில் காலாவதியாகுமோ அது முதலில் வெளியே போக வேண்டும். முதலில் வந்தது முதலில் என்ற பழக்கம் உணவிலும் மருந்திலும் சில நேரம் தவறாகப்போகும்.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். பெருந்தொட்டிகளுக்குப் பயன்படும் குளோரின் தூளைச் சமையல் எண்ணெய், டீசல், சாக்கு இவற்றுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். எண்ணெயோடு கலந்தால் தானாகவே தீப்பற்றும். அதன் ஆவி பக்கத்திலுள்ள இரும்பையெல்லாம் அரிக்கும். தனி அறை, காற்றோட்டம், ஈரம் படாத மூடி.

பொட்டலம் கட்டும் வேலையை எங்கே வைப்பது? மையக் கிடங்கில்தான். அங்கே மின்விளக்கு, ஆள், இடம் எல்லாம் இருக்கும். இடைக்கிடங்கில் உட்கார்ந்து எண்ணெயைப் பிரிப்பதும் சோப்பை எண்ணுவதும் கழுத்தை இன்னும் இறுக்கும். குடும்பத்துக்கு ஒன்று என்று கட்டி அனுப்பிவிட்டால் கடைசியில் எண்ண வேண்டியது பொட்டலத்தை மட்டும். ஏற்றும்போது கடைசியில் இறங்க வேண்டியது முதலில் ஏற வேண்டும். இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை என்று நினைப்போம். ஆனால் மருந்துப் பெட்டி நாற்பது மூட்டைக்கு அடியில் இருப்பது தெரிய வருவது ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான்.

ஒவ்வொரு லோடுக்கும் சரக்குச் சீட்டு நான்கு பிரதி. ஒன்று அனுப்பும் இடத்தில் நிற்கும். மற்ற மூன்றும் ஓட்டுநரோடு போகும். பெறுகிறவர் எண்ணிப் பார்த்து, குறைவையும் சேதத்தையும் எழுதி, கையெழுத்திட்டு ஒன்றை வைத்துக்கொள்வார். ஒன்று அனுப்பியவருக்குத் திரும்பும், ஒன்று வண்டிக்காரருக்கு, வாடகை வாங்க. வாடகை அந்தக் கையெழுத்தைக் காட்டினால்தான் கிடைக்கும் என்றால் சீட்டு தொலையாது. சீட்டில் அடிக்கடி கலகம் விளைவிப்பது அலகு. "சோப்பு, 40 பெட்டி" என்று எழுதினால் பெட்டிக்கு எத்தனை? ஒரு நன்கொடையாளர் 72 வைத்திருப்பார், இன்னொருவர் 100. பெட்டி எண்ணிக்கை, பெட்டிக்குள் எண்ணிக்கை, மொத்தம் என்று மூன்றையும் எழுதிவிட்டால் இரவு இரண்டு மணிக் கணக்குச் சண்டை இல்லை.

கொடுக்கும் இடம்

ஒருவருக்கு நாளொன்றுக்கு 555 கிராம் என்றால் ஐவர் குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்கு 19 கிலோ சொச்சம், பதினைந்து நாளைக்கு 41 கிலோ சொச்சம், ஒரு மாதத்துக்கு 83 கிலோ. அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தால் மாதம் ஒருமுறை கொடுப்பது வேலை மிச்சம். ஆனால் 83 கிலோவை யார் தூக்குவது? கணவனை இழந்த பெண், முதியவர், கைக்குழந்தையோடு வந்தவர் மூன்று கிலோமீட்டர் சேற்றில் எதைத் தூக்கிப்போக முடியும்? இருபது கிலோதான் நியாயமான எல்லை. எனவே முதல் மாதம் வாரம் ஒருமுறை கொடுக்க வேண்டும், அல்லது கொடுக்கும் இடங்களைக் கூட்ட வேண்டும். எவ்வளவு நாளுக்கு ஒருமுறை என்பதைத் தீர்மானிப்பது பெறுகிறவரின் தோள்.

பெயர்ப் பதிவு கொடுக்கும் நாளுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஒரு மேசையில் டோக்கன் பார்த்து, பெயரை அடித்து, கைரேகை வாங்கிப் பொட்டலம் கொடுக்க ஒன்றரை நிமிடம் என்றால் மணிக்கு 40 குடும்பம். ஐந்து மேசை, ஆறு மணி நேரம், 1,200 குடும்பம். 2,000 குடும்பத்தையும் ஒரே நாளில் வரச் சொன்னால் 800 குடும்பம் வெயிலில் நின்று வெறுங்கையோடு போகும். அடுத்த நாள் விடியும் முன்னே மொத்த ஊரும் வந்து முண்டியடிக்கும். டோக்கனிலேயே நாளும் நேரமும் எழுதிவிடுங்கள். நுழைய ஒரு வழி, வெளியேற ஒரு வழி. நிழல், குடிநீர், கழிப்பிடம். முதியோர், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குத் தனி வரிசை. நடக்க முடியாதவர் சார்பில் யார் வாங்கலாம் என்பதும் முன்பே பதிவில் இருக்க வேண்டும்.

லாரியின் பின்கதவைத் திறந்து அங்கேயே கொடுக்காதீர்கள். மேலே நிற்பவர் எறிவார், கீழே நிற்பவர் தாவுவார், குழந்தை மிதிபடும். பொருள் பின்புறம் மறைவில் இறங்கி, மேசைக்குச் சிறிது சிறிதாக வர வேண்டும். பொட்டலத்தில் என்ன என்ன, எவ்வளவு என்பதைப் பெரிய பலகையில் படமும் எண்ணுமாக வரைந்து வாசலில் வைத்தால் மக்களே சரிபார்த்துக்கொள்வார்கள். ஒரு தராசை வெளியேறும் வழியில் வைப்பது இன்னும் நல்லது. மரியாதை என்பது இதுதான்: குறைந்தால் கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது என்பதை நாமே சொல்லிவிடுவது.

வேண்டாதது வரும்போது

முதல் மூன்று முதல் ஐந்து நாள் கேட்காமலே அனுப்பத்தான் வேண்டும். கேட்டுச் சொல்ல அங்கே தொலைபேசியும் இல்லை, நேரமும் இல்லை. தண்ணீர், உணவு, தார்ப்பாய், போர்வை, சோப்பு, மாதவிடாய் அணையாடை எல்லா ஊருக்கும் வேண்டும். ஆனால் அதை எப்போது நிறுத்துவது என்பதையும் முதல் நாளே எழுதி வைக்க வேண்டும். 2016இல் குமாமொட்டோ நிலநடுக்கத்தின்போது ஜப்பானிய அரசு கேட்காமலே பொருளை விரைவாக அனுப்பியது; கிடங்குகளில் வந்து குவிந்தது, அங்கிருந்து முகாம்களுக்குப் பிரித்துக் கொண்டுபோவதில் அடைத்துக்கொண்டது. அவ்வளவு முன்னேற்பாடு உள்ள நாட்டிலும் கழுத்து கடைசியில்தான் இருந்தது.

பழைய துணி எந்தப் பேரிடரிலும் வந்துவிடும். ஒரு டன் கலவைத் துணியை ஆண், பெண், குழந்தை, அளவு என்று பிரிக்கச் செலவாகும் உழைப்பில் ஐந்து லாரி உணவை இறக்கலாம். வாசலிலேயே மூன்றாகப் பிரித்து, உடனே போக வேண்டியதை மட்டும் உள்ளே விடுங்கள். பிறகு போகலாம் என்பது வேறு கட்டிடத்துக்கு. பயனற்றது எதுவும் கழுத்தைத் தாண்டவே கூடாது.

மருந்து நன்கொடையில் தவறு நடந்தால் அது வெறும் இட நெருக்கடியாக நிற்காது. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே பகுதிக்கு ஏறத்தாழ 4,000 டன் மருந்து போய்ச் சேர்ந்தது. பெரும்பகுதி அந்த நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இல்லாதவை. அங்குள்ளவர்கள் படிக்க முடியாத மொழியில் சீட்டு ஒட்டியவை. பிறகு அதை அழிக்கவும் தனியாகச் செலவு செய்ய வேண்டியிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் விதி தெளிவாக இருக்கிறது: கேட்ட மருந்து மட்டும், போய்ச் சேரும்போது காலாவதிக்கு ஓராண்டாவது மீதி, சீட்டில் மருந்தின் பொதுப்பெயர், அங்குள்ள மருத்துவருக்குப் புரியும் மொழி. தடுப்பூசியும் இன்சுலினும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பதால், மறுமுனையில் குளிர்பெட்டி ஓடுகிறது என்ற உறுதி வரும்வரை கிளம்பக் கூடாது. கூடுதல் குளிர் என்று பனிக்கட்டியில் நேரடியாகப் புதைத்தால் உறைந்து கெட்டுப்போகும் தடுப்பூசிகளும் உண்டு.

கடைகள் திறந்து, சந்தையில் சரக்கு வரத் தொடங்கிவிட்டால், உணவுப் பொட்டலத்தை நிறுத்திவிட்டுப் பணமாகக் கொடுப்பதே சரி. அதற்கு லாரியும் வேண்டாம், பாலமும் வேண்டாம்.

அமைதியான நாட்களில்

மேலே சொன்ன எதையும் பேரிடர் அன்று முதல்முதலாகச் செய்ய முடியாது. காட்மாண்டு விமான நிலையத்தில் நிவாரணப் பொருளை இறக்கிப் பிரிப்பதற்கான தளத்தை உலக உணவுத் திட்டம் 2015 மார்ச்சில் திறந்தது. ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் நிலநடுக்கம் வந்தது. அடுத்த சில நாளில் ஓடுபாதை சேதமடைந்து, 196 டன்னுக்கு மேற்பட்ட விமானங்கள் இறங்கத் தடை விதிக்கப்பட்டது. அந்தத் தளம் அப்போது இல்லாமல் இருந்திருந்தால் வந்திறங்கிய பொருள் விமானம் நிற்கும் இடத்திலேயே குவிந்திருக்கும்.

வண்டிக்காரர்களோடு விலை பேசி ஒப்பந்தம், கிடங்குச் சாவி யாரிடம், எந்தப் பாலம் எத்தனை டன், எந்தப் பள்ளியின் மைதானத்தில் ஹெலிகாப்டர் இறங்கலாம், சுமை தூக்க யாரைக் கூப்பிடுவது. இவற்றைத் தாளில் அச்சிட்டு வைக்க வேண்டும். மின்சாரமும் இணையமும் இல்லாத நாளுக்கான பட்டியலை இணையத்தில் மட்டும் வைத்துப் பயனில்லை. கூப்பிடும் பட்டியலில் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பெயர் வேண்டும், இரண்டாமவர் வேறு ஊர்க்காரராக. உள்ளூரில் இருக்கும் முதலாமவர் அன்றைக்குத் தன் வீட்டு இடிபாட்டைத் தோண்டிக்கொண்டிருக்கலாம்.

நடக்கத் தொடங்கிய பிறகு ஒவ்வொரு இரவும் இடைக்கிடங்கிலிருந்து மேலே போக வேண்டியவை ஐந்து எண்கள்: இன்று வந்த டன், இன்று கழுத்தைத் தாண்டிய டன், இருப்பு, நாளை ஓடும் நிலையிலுள்ள வண்டிகள், எஞ்சிய டீசல். குறுஞ்செய்தியிலோ கம்பியில்லாத் தொடர்புக் கருவியிலோ அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். வந்த டன், தாண்டிய டன்னைவிட மூன்று நாள் தொடர்ந்து கூடுதலாக இருந்தால் மையக் கிடங்கு நாலாம் நாள் காலை லாரி அனுப்புவதை நிறுத்திவிட்டு, அந்த வாடகைப் பணத்தில் கீழே ஆளும் சிறு வண்டியும் அனுப்ப வேண்டும்.